காசில்லாக் கட்டணமும் வெளியூர்ப் பயணியும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் பிரிவு)

முன்னுரை

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். ஊருக்குப் புதிதாய் வந்தவரே விருந்தினர். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அந்நாளில் புதிதாய் வந்தவர் முதலில் மிதித்தது ஒரு வீட்டின் திண்ணையை. இந்நாளில் அவர் முதலில் மிதிப்பது பேருந்தின் படிக்கட்டை. அப்படிக்கட்டில் அவரை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறோம் என்பதைக் கொண்டே ஓர் ஊரின் விருந்தோம்பலை இன்று அளந்துவிடலாம்.

பேருந்துக் கட்டணத்தை நோட்டாகவும் நாணயமாகவும் கொடுத்துவந்த வழக்கம் மாறி, அலைபேசியாலும் அட்டையாலும் செலுத்தும் வழக்கம் வளர்ந்து வருகிறது. இதனை முழுதும் போற்றுவோரும் உண்டு. முழுதும் தூற்றுவோரும் உண்டு. நாள்தோறும் போய்வரும் உள்ளூர்க்காரருக்கு இம்மாற்றம் என்ன செய்கிறது, ஊருக்குப் புதியவருக்கு என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதத் தூண்டியது என் தந்தையார் பட்ட ஒரு சிறு கடன்.

பத்து ரூபாய்க் கடன்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஒரு சிற்றூர் எங்கள் ஊர். என் தந்தையார் பிறர் வயலில் உழைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரி மாணவன் என்பதால் என்னிடம் கட்டணமில்லாப் பேருந்து அட்டை இருக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்ததால், என் தாயார் நகரப் பேருந்தில் ஏறினால் கட்டணமில்லாச் சீட்டு கிடைக்கும். ஆகவே எங்கள் வீட்டில் காசு கொடுத்துப் பயணம் செய்பவர் அப்பா ஒருவரே.

சென்ற ஆண்டு கண்புரைக்காக மருத்துவரைக் காண அவர் தனியே பாளையங்கோட்டைக்கு வந்தார். கையிலிருந்த சில்லறை ஊரிலிருந்து வந்த பேருந்தோடு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது வங்கியில் கொடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றுதான். வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் ஏறி, அந்த நோட்டை நீட்டினார்.

"அண்ணாச்சி, காலையிலேயே ஐந்நூறுக்குச் சில்லறைக்கு நான் எங்க போவேன்? போன்ல போட்டு விடுங்க" என்றார் நடத்துநர். கடிந்து சொல்லவில்லை, அவருடைய பையிலும் உண்மையாகவே சில்லறை இல்லை.

"எங்கிட்ட பட்டன் போனுதான் இருக்கு" என்று அப்பா சொல்ல, பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், "நான் போட்டுருதேன் பெரியப்பா" என்று தம் அலைபேசியை நடத்துநரின் கருவிக்கு முன் காட்டினார். சீட்டு வந்தது. அந்த இளைஞர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார். அவர் பெயரையும் அப்பா கேட்கவில்லை.

மாலையில் என்னைக் காண வந்தபோது, மருத்துவர் கூறியதைப் பற்றி அப்பா பேசவில்லை. "யாரு பெத்த பிள்ளையோ, அவனுக்குப் பத்து ரூவா கடன்பட்டுட்டேன்" என்பதையே இருமுறை சொன்னார். மடியில் ஐந்நூறு ரூபாய் இருந்தும் பத்து ரூபாய்க்குப் பிறர் தயவை நாட நேர்ந்ததே என்பது அவர் வருத்தம். உதவியவரும் நல்லவர், நடத்துநரும் நல்லவர், கருவியும் பழுதின்றி இயங்கியது. அவ்வாறிருந்தும் ஒரு மனிதர் தலைகுனிந்து பயணம் செய்தார். குறை எங்கே இருக்கிறது என்று ஆராயத் தொடங்கினேன்.

காசில்லாக் கட்டணம் இயங்கும் முறை

முதலில் இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்று காண்போம். இன்று நடைமுறையில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதல் வகை, கியூ.ஆர். எனப்படும் கட்டக் குறியீட்டைப் படம் பிடித்துச் செலுத்துவது. இக்குறியீடு 1994ஆம் ஆண்டு ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தினரால் மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை இனங்காண்பதற்காக உருவாக்கப்பட்டது. இந்தியாவில் யு.பி.ஐ. என்னும் பணப்பரிமாற்ற முறை 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிறகு, தள்ளுவண்டிக் கடை வரை இக்குறியீடு பரவிவிட்டது. நடத்துநரின் கருவி குறியீட்டைக் காட்டுகிறது. பயணியின் அலைபேசி அதைப் படிக்கிறது. செய்தி அவருடைய வங்கிக்குப் போய், அங்கிருந்து பெறுபவரின் வங்கிக்குப் போய், "பணம் வந்தது" என்னும் விடை கருவிக்குத் திரும்புகிறது. இத்தனையும் சில நொடிகளில் நடந்துவிடும். ஆனால் இருபுறமும் அலைபேசித் தொடர்பு இருத்தல் வேண்டும். ஓடும் பேருந்தில் தொடர்பு அறுந்தால் பணம் போனதா இல்லையா என்பது தெரியாமல் பயணியும் நடத்துநரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும்.

இரண்டாம் வகை, தொட்டுச் செல்லும் அட்டை. இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. இந்த அட்டைக்குள் மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் அதனுடன் இணைந்த சிறு சில்லும் மட்டுமே உண்டு. கருவியோ நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், மாறும் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அட்டையை அருகில் கொண்டு சென்றதும் அதன் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831இல் பாரடே கண்டறிந்து, நாம் பள்ளி ஆய்வகத்தில் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்துச் செய்து பார்த்த அதே மின்காந்தத் தூண்டல்தான். அந்தச் சிறு மின்னோட்டத்தில் சில்லு விழித்துக்கொண்டு கருவியோடு பேசுகிறது. சில்லிலேயே இருப்புத் தொகை பதியப்படும் அட்டையாயின், அந்த நேரத்தில் அலைபேசித் தொடர்பு இல்லாவிடினும் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2019இல் அறிமுகமான தேசியப் பொதுப் பயண அட்டையில் இத்தகைய வசதி உண்டு. பாபநாசத்திலிருந்து காரையாறு நோக்கி ஏறும் காட்டுப் பாதையில் எந்த வகை உதவும் என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

உள்ளூர்க்காரருக்கு இவை இரண்டுமே எளிது. ஒருமுறை ஏற்பாடு செய்துகொண்டால் ஆண்டு முழுவதும் பயன்படும். வெளியூர்க்காரர் ஒரு பயணத்துக்காக அந்த ஏற்பாடு முழுவதையும் செய்தாக வேண்டும். யு.பி.ஐ.க்கு வங்கிக் கணக்கும், அதனோடு இணைந்த எண்ணும், பெரும்பாலும் திறன்பேசியும் வேண்டும். அட்டைக்கு, அது எங்கே விற்கும் என்று தெரிய வேண்டும். போட்ட பணம் தீருமுன் ஊர் திரும்பினால் மிச்சம் அட்டையிலேயே தங்கிவிடும். பட்டன் அலைபேசிக்கும் யு.பி.ஐ. முறை ஒன்று 2022 மார்ச்சில் வந்தது உண்மையே. எனினும் எண்ணை அழைத்து, குரல் கேட்டு, ஒவ்வொரு பொத்தானாய் அழுத்தும் அந்த முறை, நெரிசல் மிகுந்த பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு ஏற்றதன்று.

இலண்டன் மாநகரம் கண்ட வழி

காசை அடியோடு நிறுத்திய பெருநகரங்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது இலண்டன். அங்கே ஆய்ஸ்டர் என்னும் பயண அட்டை 2003இல் வந்தது. 2012 டிசம்பரில் வங்கி அட்டைகளையே பேருந்தில் தொட்டுச் செல்ல வழி செய்தனர். 2014 ஜூலை 6 முதல் பேருந்தில் ரொக்கம் பெறுவதையே நிறுத்தினர். அதற்கு முன்பே, ரொக்கம் கொடுத்தவருக்கு ஒரு பயணம் 2 பவுன் 40 பென்ஸ். அட்டை வைத்திருந்தவருக்கு 1 பவுன் 45 பென்ஸ். இத்தகைய விலை வேற்றுமையால், நிறுத்தும் காலத்தில் நூற்றுக்கு ஒரு பயணத்துக்கும் குறைவாகவே ரொக்கம் பயன்பட்டது.

இதனால் வெளிநாட்டுப் பயணிக்கு நன்மையா தீமையா? இரண்டும் நேர்ந்தன என்பதே உண்மை. பன்னாட்டு வங்கி அட்டையைக் கையில் கொண்டு வருபவர் எந்தச் சீட்டும் வாங்காமல் விமானத்திலிருந்து இறங்கியதும் பேருந்தில் ஏறலாம். கட்டண அட்டவணையைக்கூட அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. அத்தகைய அட்டை இல்லாதவருக்கோ, வழியில் ஒரு கடை தேடும் வேலை கூடுகிறது. நம்மவர்க்கு மற்றொரு தடையும் உண்டு. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாக வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் உரியவர் கேட்டுத் திறந்தால்தான் திறக்கும். பாதுகாப்புக்காக வந்த நல்ல விதி அது. எனினும் அதனை அறியாமல் இலண்டன் பேருந்தில் ஏறுபவர் படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆயினும் இலண்டன் நிர்வாகத்தார் மூன்று காரியங்களை முன்கூட்டியே செய்தனர். நகரெங்கும் ஏறத்தாழ 4,000 கடைகளில் அட்டையை நிரப்ப வழி இருந்தது. அட்டையில் பணம் போதாவிட்டாலும் இன்னும் ஒரு பயணம் போகலாம்; அடுத்த முறை நிரப்பும்போது கழித்துக்கொள்வர். கதியற்று நிற்பவரை வழியில் விட்டுச் செல்லாமல் உதவுவது எப்படி என்று ஓட்டுநர்களுக்கு அறிவுரை வழங்கினர். காசை நிறுத்தியதை மட்டும் அவர்களிடமிருந்து கற்று, இம்மூன்றையும் கற்காமல் விட்டால் அது அரைப்பாடமே ஆகும்.

சிங்கப்பூர் கற்ற பாடம்

இலண்டன் தொலைவில் உள்ளது. சிங்கப்பூரோ நமக்கு உறவு ஊர் போன்றது. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. அங்கே 2002 முதல் பயண அட்டை உண்டு. தொட்டவுடன் கழிந்த கட்டணத்தையும் மீதி இருப்பையும் கருவி காட்டும். இதற்கு மாற்றாக, கணக்கு முழுவதும் கணினி மையத்தில் இருக்கும் புதிய முறைக்கு அனைவரும் மாறவேண்டும் என்று 2024 ஜனவரி 9 அன்று அறிவித்தனர். புதிய முறையில் மீதி இருப்பைப் பேருந்துக் கருவியில் காண இயலாது. அலைபேசிச் செயலியில்தான் பார்க்க வேண்டும்.

மக்கள் எதிர்த்தனர். "என் அட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்பதே முதியோர் பலரின் கோரிக்கையாய் இருந்தது. இரண்டே வாரத்தில், ஜனவரி 22 அன்று, அரசு அம்முடிவைக் கைவிட்டு, பழைய முறையையும் நீட்டிக்க 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி கூடுதலாகச் செலவிட முன்வந்தது. அத்துடன் அங்கே பேருந்தில் ரொக்கம் கொடுப்பதும் ஒழிக்கப்படவில்லை. சரியான தொகையைப் பெட்டியில் போட வேண்டும், மீதி மட்டும் கிடைக்காது. அத்துணை முன்னேறிய ஊரே காசுக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்துள்ளது என்பதை நாம் கருத வேண்டும்.

சென்னையும் நம் நெல்லையும்

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை மாநகரப் பேருந்துகளில் யு.பி.ஐ. வழியே சீட்டு வழங்கும் முறை 2024 தொடக்கத்தில் பல்லாவரம் பணிமனையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மெட்ரோ ரயிலில் 2023 முதல் இருந்த சிங்காரச் சென்னை அட்டை, 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் வந்தது. 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்க 'சென்னை ஒன்று' செயலி வெளியிடப்பட்டது. எழும்பூரில் இறங்கும் நெல்லைக்காரர் எந்த வண்டிக்கு எங்கே சீட்டு வாங்குவது என்று திகைக்காமல் போக இது பெரிதும் உதவும்.

சென்னைப் பேருந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையிலேயே இருப்பார். முன்னால் நிற்பவர், "ஒரு சைதாப்பேட்டை" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தால், அது நாலைந்து கைகள் மாறிப் போய்ச் சீட்டும் சில்லறையும் அதே வழியே திரும்பிவரும். முன்பின் அறியாதவர் பணத்தை முன்பின் அறியாதவர் கைமாற்றித் தருகின்ற நம்பிக்கை அது. ஆனால் நோட்டைக் கைமாற்றுவதுபோல் அலைபேசியைக் கைமாற்ற முடியாது. கருவியின் முகத்தைப் பயணி நேரே கண்டாக வேண்டும். நெரிசலில் நடத்துநர் நடக்க வேண்டும், அல்லது பயணி நகர வேண்டும். கருவி மாறினால் பேருந்துக்குள் வேலை செய்யும் முறையும் மாறவேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நம் நெல்லைக்கு வருவோர் யாவர்? ஆனித் தேருக்கும் நெல்லையப்பர் தரிசனத்துக்கும் வருவோர். நவதிருப்பதி, நவகைலாயம் சுற்றுவோர். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு வருவோர். சாரல் காலத்தில் குற்றாலம் போகும் வழியில் இங்கே வண்டி மாறுவோர். 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரத்தின்போது படித்துறைதோறும் வெளிமாநிலத்தார் நீராடியதை நாம் கண்டோம். இவர்களுள் திறன்பேசி உடையோர்க்கு யு.பி.ஐ. ஒரு வரமே. மொழி தெரியாதவர் தொகையைக் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை, எழுத்தில் காணலாம். அயல்நாட்டில் வாழும் நம்மவருக்கும் 2023இல் கதவு திறந்தது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட பத்து நாடுகளின் அலைபேசி எண்ணைக் கொண்டே தம் இந்திய வங்கிக் கணக்கில் யு.பி.ஐ. பெற வழி செய்யப்பட்டது.

ஆனால் நெல்லைக்கு வரும் விருந்தினருள் பெரும்பகுதியினர் அயல்நாட்டாரோ அயல்மாநிலத்தாரோ அல்லர். மருத்துவமனைக்கும், ஆட்சியர் அலுவலக மனு நாளுக்கும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும் வருகின்ற நம் கிராமத்து மக்களே அவர்கள். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். முப்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தாலும் நகரப் பேருந்துக்கு அவர் புதியவரே.

ரொக்கத்திலும் குறை உண்டு

ரொக்கமே குறையற்றது என்று நான் வாதிட வரவில்லை. 2016 நவம்பர் 8 இரவு, கையில் இருந்த ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனதை நாடே அறியும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி தமிழகமெங்கும் பரவி, ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் 14 வகை வடிவங்களும் செல்லும் என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. சில்லறைத் தகராறு இல்லாத பேருந்து நாள் ஒன்று உண்டா? கணக்கில் குறைந்தால் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டிய நடத்துநருக்குக் கருவி ஒரு பெரும் ஆறுதல். என் தந்தையாரின் அன்றைய சங்கடம்கூடச் சில்லறையின்மையால் பிறந்ததே.

இங்கேதான் நான் தேடிய விடை கிடைத்தது. அலைபேசியில் பலர் செலுத்தச் செலுத்த, நடத்துநரின் பைக்குள் வரும் சில்லறை குறைகிறது. சில்லறை குறையக் குறைய, ரொக்கம் மட்டுமே உடையவரின் நிலை இடர்ப்படுகிறது. யாரும் ரொக்கத்தைத் தடை செய்யவில்லை. ஆனால் அது தானே செல்லாமல் போகிறது. "இப்படியும் செலுத்தலாம்" என்று வந்த ஒரு வசதி, "இப்படித்தான் செலுத்த வேண்டும்" என்று யாரும் ஆணையிடாமலே மாறிவிடுகிறது. 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையே உள்ள தூரம் இலக்கணத்தில் சிறியது. படிக்கட்டில் நிற்கும் முதியவருக்கு மிகப் பெரியது.

செய்யத்தக்கவை

என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, கருவி கொடுப்பதைப் போலவே ஒவ்வொரு காலையும் நடத்துநருக்குப் போதிய சில்லறையும் கொடுத்தனுப்புதல் வேண்டும். இரண்டாவது, ரொக்கம் கொடுப்பவரிடம் கூடுதல் கட்டணம் பெறலாகாது. மூன்றாவது, நம் மாவட்டத்துக்குப் பயண அட்டை வருமாயின் அது ரயில் சந்திப்பு, பேருந்து நிலையம், கோயில் வாசல் ஆகிய இடங்களின் பெட்டிக் கடைகளில் கிடைக்க வேண்டும். ஊர் திரும்புகையில் மிச்சப் பணத்தைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். நான்காவது, மலைப் பாதைப் பேருந்துகளுக்குத் தொடர்பின்றி இயங்கும் அட்டையே ஏற்றது. ஐந்தாவது, சீட்டு எடுக்க இயலாமல் நிற்பவரை இறக்கிவிடாமல் ஒரு பயணத்துக்கு ஏற்றிச் செல்லும் விதியை இலண்டனைப் போல எழுத்திலேயே வைத்தல் நலம்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழா நாள்களில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பேருந்து நிலையத்தில் நின்று வெளியூராருக்கு வழிகாட்டலாம். சில்லறையும் மாற்றித் தரலாம்.

முடிவுரை

சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டை செல்லும் பேருந்து தாமிரபரணியைக் கடப்பது சுலோசன முதலியார் பாலத்தின் வழியாக. 1843இல் திறக்கப்பட்ட அப்பாலம் இலண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் அமைக்கப்பட்டது என்பர். வாட்டர்லூ பாலத்தில் 1878 வரை சுங்கம் கொடுத்துத்தான் கடக்க முடிந்தது. நம் பாலத்துக்கோ, மக்களிடம் தண்டாமல் தம் செல்வத்தையே கொடுத்தார் சுலோசன முதலியார் என்று நம் ஊரார் இன்றும் நன்றியோடு சொல்லி வருகின்றனர். கட்டுமானத்தை இலண்டனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். சுங்கச் சாவடியை எடுத்துக்கொள்ளவில்லை.

புதிய கட்டண முறையையும் அவ்வாறே எடுத்துக்கொள்வோம். அலைபேசி உள்ளவர் அலைபேசியால் செலுத்தட்டும். அட்டை உள்ளவர் தொட்டுச் செல்லட்டும். மடியில் நோட்டை முடிந்து வருபவரும் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காரட்டும். அப்பா இப்போது பேருந்தில் வரும்போதெல்லாம் ஒரு பத்து ரூபாயைச் சட்டைப் பையில் தனியே வைத்திருக்கிறார். அந்த இளைஞரை என்றாவது காணலாம் என்பது அவர் நம்பிக்கை. இக்கட்டுரை அந்த இளைஞரின் கண்ணில் படுமாயின், எங்கள் குடும்பத்தின் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.